சம்பந்திக்கு நான் சொன்ன காற்று நிலவரம்

ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்கிறவன் பொய் சொல்லமாட்டான் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். மனிதர்கள் விஷயத்தில் இந்த நம்பிக்கை கல்யாணமான புதிதிலேயே ஆட்டம் கண்டுவிட்டது. (ஏன் லேட்டு என்று என் மனைவி செல்வி கேட்டபோதெல்லாம் ‘பஸ் லேட்டு’ என்று ஒரே பதிலைச் சொல்லிவந்தவன் நானே.) ஆனால் கருவிகள் விஷயத்தில் அது அசையவே இல்லை. ஒரு கருவி விடாமல் ஒரே எண்ணைக் காட்டினால் அது சத்தியம். எண் முன்னே பின்னே ஆடினால் அது டுபாக்கூர். இந்தத் தத்துவத்தை வைத்துக்கொண்டு, என் ஒரே மகளின் நிச்சயதார்த்தத்தை நான் கிட்டத்தட்ட நிறுத்தியே விட்டேன்.

முழுப் பழியையும் என்மேல் போட வேண்டாம். பாதியை என் பழைய வேலையின்மேல் போடலாம். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. வேலை என்றால் இவ்வளவுதான்: ஒரு இரும்பு வளையத்தை எடுக்க வேண்டும், கேஜில் வைத்து அளக்க வேண்டும், திருப்பி வைத்து மறுபடி அளக்க வேண்டும். எப்படித் திருப்பினாலும் ஒரே அளவு வந்தால் ஓகே. அளவு ஆடினால் சிவப்பு டப்பா. தலைமுடி நரைக்கும்வரை இதையே செய்தேன். வீட்டில் தோசை வட்டமாக வராவிட்டால்கூடக் கை தானாகச் சிவப்பு டப்பாவைத் தேடும். (செல்வி இதை ரசித்ததில்லை.)

பிறகு அந்தப் பிரிவையே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். நான் ஊர் மாறவில்லை. கொஞ்ச காலம் வீட்டில் இருந்து தோசைகளைப் பரிசோதித்தேன். செல்வியின் பொறுமை தீர்ந்த சமயத்தில், காற்றில் அடுத்த சில நாட்களுக்கு எவ்வளவு தூசி இருக்கும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் இடம் கிடைத்தது. ‘அளந்து பழக்கம் உள்ள ஆள் வேண்டும்’ என்றார்கள். அளப்பதில் என்னை விட்டால் யார் என்று போய் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே எனக்கு மேலதிகாரி பவித்ரா மேடம். தருமபுரிப் பக்கத்துப் பெண், படித்த படிப்பெல்லாம் கணக்கு. என் மகளுக்கு அக்கா மாதிரி வயது, எனக்கு ஹெட்மாஸ்டர் மாதிரி தோரணை. முதல் நாள் எங்களைச் சுற்றி உட்காரவைத்து வேலையை விளக்கினார்.

“ஊர்ல அங்கங்க மொட்டை மாடியில பெட்டி வெச்சிருக்கோம். அது காத்துல இருக்கற தூசியை அளந்து அனுப்பிக்கிட்டே இருக்கும். அதை அப்படியே கம்ப்யூட்டருக்குக் குடுத்தா அது தப்பாக் கணிக்கும். சமைக்கறதுக்கு முன்னாடி அரிசியில கல் பொறுக்கற மாதிரி, தப்பான எண்ணையெல்லாம் பொறுக்கித் தூக்கிட்டுக் குடுக்கணும். அதான் சார் உங்க வேலை.”

“மேடம், எங்க வீட்லயும் கல் பொறுக்கறது நான்தான். ஒரு வித்தியாசம், அங்க சம்பளம் இல்ல” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் இன்னும் அதிகமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் மேடம் சொன்ன அடுத்த வாக்கியம் எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

பெட்டி வைக்க மாடி தேடியபோது, தொரப்பள்ளிப் பக்கம் ஒன்று வேண்டும் என்றார்கள். உடனே கையைத் தூக்கினேன். செல்வியின் தம்பி குமார் அங்கேதான் புதிதாக வீடு கட்டியிருந்தான். அகலமான மொட்டை மாடி. மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு சின்ன அறை, அதற்குள் ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட். பெட்டியை மாடிச் சுவரில் மாட்டி, வயரை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, அந்த ப்ளக்கில் சொருகினோம். ‘என் மச்சான் வீட்டுக் காற்றைத்தான் கம்ப்யூட்டர் சுவாசிக்கிறது’ என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டேன். அவர்கள் கேட்காவிட்டாலும்.

அந்தப் பனிக்காலத்தில்தான் என் மகள் நிவேதாவுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை சரவணன் ஓசூரிலேயே வேலை. சொந்த ஊர் கல்லாவி. அவன் அப்பா அங்கே மாந்தோப்பும் நிலக்கடலையுமாக இருப்பவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் மாற்றமாட்டார். அம்மாவுக்கு வீசிங். பெண் பார்க்க வந்த அன்றே, ஒளிவு மறைவில்லாமல், இடுப்பில் செருகியிருந்த இன்ஹேலரை எடுத்துக் காட்டி, “பனி வந்தா எனக்கு இழுக்குமுங்கண்ணா, பின்னாடி மறைச்சோம்னு பேச்சு வரக்கூடாது” என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே செல்விக்கு அவரைப் பிடித்துவிட்டது. நிவேதாவுக்கு அவர் மகனை அதற்கு முன்பே பிடித்துவிட்டது என்பது அவள் காபித் தட்டைப் பிடித்திருந்த விதத்தில் தெரிந்தது.

எங்கள் வாடகை வீட்டில் ஆள் உட்கார்ந்தால் காற்று நிற்க இடம் இருக்காது. ஆகவே நிச்சயதார்த்தம் குமார் வீட்டு மொட்டை மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலை என்று முடிவானது. அஞ்செட்டியில் இருக்கும் செல்வியின் சொந்தங்கள், பஸ்ஸை நம்ப முடியாது என்று, அந்த வாரம் திங்கட்கிழமையே மூட்டை முடிச்சோடு குமார் வீட்டில் வந்து இறங்கிவிட்டார்கள்.

வியாழக்கிழமை பவித்ரா மேடம் அக்கா குழந்தைக்குக் காதுகுத்து என்று ஊருக்குக் கிளம்பினார். போகும்போது, “சார், இந்த வாரம் தரவை நீங்களே சுத்தம் பண்ணி ஓடவிடுங்க. கணிப்பு வெளிய போகக்கூடாது, திங்கக்கிழமை நான் பாத்துட்டு அனுப்பறேன்” என்றார்.

முதன்முறையாகத் தனியாக. நாற்காலியைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துக்கொண்டு கோப்பைத் திறந்தேன்.

பேருந்து நிலையப் பெட்டி ஒரு எண் சொன்னது, அடுத்த வரியில் வேறு எண். ஏரிக்கரைப் பெட்டியும் அப்படியே. தொழிற்பேட்டைப் பெட்டி காலையில் ஒரு பேச்சு, மத்தியானம் ஒரு பேச்சு. குடிகாரன் கணக்குச் சொல்வது மாதிரி எல்லாமே ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்தன. என் உள்ளங்கை அரித்தது. சிவப்பு டப்பா எங்கே?

அப்புறம் குமார் வீட்டுப் பெட்டிக்கு வந்தேன். போன வாரம் அதுவும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இந்த வாரம் திருந்திவிட்டது. 999. அடுத்த வரி 999. அதற்கடுத்தும் 999. எப்போதாவது நடுவில் சறுக்கி ஒரு சின்ன எண்ணைச் சொல்லிவிட்டு, தன் தவறை உணர்ந்து மறுபடி 999க்கு வந்தது. திருப்பி வைத்து அளந்தாலும் மாறாத அளவு. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. என்ன இருந்தாலும் என் மச்சான் வீட்டுப் பெட்டி.

தரப் பரிசோதகன் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஆடிய எண்களை எல்லாம் ரிஜெக்ட் செய்தேன். அத்தனை பெட்டியையும் ரிஜெக்ட் செய்ததால் கோப்பு முழுவதும் ஓட்டையாக நின்றது. ஓட்டை இருந்தால் பக்கத்தில் உள்ள நம்பகமான எண்ணை வைத்து நிரப்பலாம் என்று மேடம் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. (இது மட்டும் கேட்டிருந்தது பாருங்கள்.) நம்பகமான எண் எது? நிரப்பினேன். ஓசூர் முழுவதும் 999.

ஓடவிட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், வரைபடம் வெற்றிலை போட்டுத் துப்பியது மாதிரி கருஞ்சிவப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு நேராக ‘மிகக் கடுமை’ என்று எழுதியிருந்தது. மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் வெளியே வரவே கூடாது. தொரப்பள்ளிப் பக்கமும் அதே நிறம்.



ஜன்னலைத் திறந்து பார்த்தேன். வானம் நீலமாக இருந்தது. மலைக்கோயில் கோபுரம் கையால் தொடலாம் போலப் பளிச்சென்று தெரிந்தது. சாதாரண மனிதன் இங்கே சந்தேகப்பட்டிருப்பான். நான் சாதாரண மனிதன் இல்லையே, தரவு படித்தவன். கண்ணுக்குத் தெரிகிற தூசியைக் கைக்குட்டையால் தடுக்கலாம், கண்ணுக்கே தெரியாத தூசி எவ்வளவு பயங்கரமானது என்று நினைத்து இன்னும் அதிகமாகப் பயந்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தினேன்.

முதலில் குமாரைக் கூப்பிட்டேன்.

“குமாரு, வீட்டு ஜன்னலையெல்லாம் உடனே சாத்து.”

“ஏன் மாமா, குரங்கு வந்துருக்கா?”

“குரங்கு இல்லடா. சொன்னாச் செய்.”

“மாமா, சாமியானாக்காரன் வந்து நிக்கறான். வூட்ல வேற கூட்டம். ஜன்னலைச் சாத்துனா இங்கயே பாதிப் பேரு மயக்கம் போட்டுருவாங்க. அப்பறம் பேசறேன்.”

போனை வைப்பதற்கு முன் அவன் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. கடகடவென்று, விடாமல், ஏதோ பெரிய இயந்திரம் ஓடுகிற சத்தம். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் பக்கத்தில் எவனோ அனுமதியில்லாமல் எதையோ அரைக்கிறான். கல்லாகத்தான் இருக்கும். அந்தத் தூசிதான் இது. வில்லனைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையும், அவன் என் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முன்பு அகப்படமாட்டானே என்ற துக்கமும் ஒரே நேரத்தில் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை திறந்த மாடியில் சம்பந்தியம்மா உட்கார்ந்திருப்பார். பனி பட்டாலே இழுக்கும் உடம்பு. தாம்பூலத் தட்டு மாற்றும்போது அவர் மூச்சுத் திணறிச் சாய்வதை நான் படம் படமாகப் பார்த்தேன். ஆம்புலன்ஸ் வந்தது. கல்லாவியே திரண்டு வந்தது. ‘தெரிஞ்சும் சொல்லலையாடா’ என்று என்னைக் கேட்டது. இதற்குமேல் தாங்காமல் சம்பந்திக்குப் போன் போட்டேன்.

“சம்பந்தி, நல்லாயிருக்கீங்களா?”

“நல்லாயிருக்கறங்க. வேன் சொல்லியாச்சு. ஞாயித்துக்கெழமை விடியறதுக்குள்ள கெளம்பிருவோம்.”

“வேன் கண்ணாடியெல்லாம் இறுக்கமா மூடுமுங்களா?”

“மூடும். ஏனுங்க?”

“சும்மாதான் கேட்டேன். சம்பந்தியம்மாவுக்கு அந்த வீசிங் இப்ப எப்படி இருக்குதுங்க?”

“அது இருக்கறதுதானுங்க. அன்னைக்கே சொல்லித்தான பேசுனோம்.”

“சொன்னீங்க, சொன்னீங்க. நான் அதுக்குக் கேக்கல. அவங்க மட்டும் ஞாயித்துக்கெழமை வராம இருந்தா நல்லாயிருக்கும்னு ஒரு யோசனை.”

“பையனப் பெத்தவ வராமயா நிச்சயம் பண்றது?”

“அதுவும் சரிதான். அப்ப ஒரு மாசம் தள்ளிப் போட்டுக்கலாமுங்களா?”

“என்னாத்துக்குத் தள்ளணும்?”

கணிப்பு வெளியே போகக்கூடாது என்று மேடம் சொன்னது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. நான் அலுவலக ஒழுக்கத்தில் கறாரான ஆள். (அதுவரை அப்படி ஒரு ஒழுக்கம் என்னிடம் இருந்ததற்கு யாரும் சாட்சி இல்லை.)

“காரணத்தை இப்ப சொல்ல முடியாத நெலமைங்க. திங்கக்கெழமை சொல்றேன்.”

“ஞாயித்துக்கெழமை விசேசத்த நிறுத்தச் சொல்லிட்டு, திங்கக்கெழமை காரணம் சொல்றீங்களா?” என்றார் சம்பந்தி. அதிகம் பேசாதவர், அதற்குமேலும் பேசவில்லை. போனை வைத்துவிட்டார்.

அன்று மாலை நான் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் செய்தி என்னை முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்திருந்தது. செல்வி வாசலிலேயே நின்றாள். கையில் போன்.

“சம்பந்தியம்மா பேசுனாங்க. ‘அண்ணனுக்கு என் நோவு பயமா இருந்தா நேராச் சொல்லட்டும், இது மருமவளுக்கு ஒட்டிக்கற நோவு இல்ல’ன்னு சொல்லி அழுவறாங்க. அவங்க பங்காளி ஒருத்தர், நமக்குப் பெங்களூர்ல வேற எடம் படிஞ்சிருச்சுன்னு வேற கெளப்பிவிட்டுருக்காரு. என்னங்க பண்ணி வெச்சீங்க?”

நான் உள்ளே போனேன். நிவேதா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தையல்காரியிடமிருந்து அன்றுதான் வந்த ஜாக்கெட், அட்டைப் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.

“அப்பா, உங்களுக்கு அவங்களப் புடிக்கலையா?”

“புடிச்சிருக்கும்மா.”

“புடிக்கலைன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல. நான் அப்பறம் எப்படிப்பா...” என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் நான். துக்க வீட்டில்கூட என் பக்கத்தில் யாரும் தைரியமாக உட்காரமாட்டார்கள், சிரித்துவிடுவோம் என்று பயம். அன்றைக்கு எதுவும் வரவில்லை. அலுவலக ஒழுக்கத்தை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு, கருஞ்சிவப்பு வரைபடத்தையும் 999ஐயும் இருவரிடமும் சொன்னேன்.

செல்வி கதவைத் திறந்து வெளியே பார்த்தாள். எதிர்வீட்டுக் கொடியில் வெள்ளை வேட்டி காய்ந்துகொண்டிருந்தது.

“எங்க தூசி?”

“கண்ணுக்குத் தெரியாது.”

“வேட்டிக்குமா தெரியாது?”

நான் போய்க் கதவைச் சாத்தினேன். பயம் குறையவில்லை.

“சனிக்கெழமை அவங்க குமார் வூட்டுக்கு வர்றாங்களாம். நேர்ல பேசி முடிச்சுக்கலாம், இல்லைன்னா விட்டுடலாம்னுட்டாரு. இதயே அங்க வந்து உங்க வாயால சொல்லுங்க” என்றாள் செல்வி. ‘விட்டுடலாம்’ என்ற சொல்லைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினாள், உள்ளே கேட்கக்கூடாது என்று. உள்ளே கேட்டது.

சனிக்கிழமை நிவேதாவை வீட்டில் விட்டுவிட்டு நானும் செல்வியும் போகிற வழியில் மெடிக்கலில் மாஸ்க் ஒரு பெட்டி நிறைய வாங்கினேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அண்ணே, மறுபடியும் ஆரம்பிச்சுருச்சா?” என்று கேட்டு, தானும் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். நான் பரப்பிய பீதியில் வியாபாரம் ஆனது அவருக்கு மட்டும்தான்.

குமார் வீட்டு வாசலில் வாழைமரம் கட்டத் தயாராகச் சாய்த்து வைத்திருந்தார்கள். கட்டவில்லை. பேச்சு முடியட்டும் என்று காத்திருந்தார்கள். சம்பந்தியின் கார் வந்து நின்றது. அவரும் அந்த அம்மாவும் மட்டும் இறங்கினார்கள். நான் ஓடிப்போய், வணக்கம் சொல்வதற்கு முன்பே, அந்த அம்மாவின் கையில் மாஸ்க்கைத் திணித்தேன்.

அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். மரியாதைக்காக மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றினார். “இதப் போட்டாத்தானுங்கண்ணா மூச்சு முட்டுது.”

கூடத்தில் உட்கார்ந்தார்கள். குமாரின் மனைவி ராதா காபி கொண்டுவந்து வைத்தாள். இருவரும் எடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. பேச்சு முடியாத வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். காபி மேல் ஆடை படிந்தது. இட்லியோடு வந்த தட்டு வந்த வழியே உள்ளே போனது. அஞ்செட்டிச் சொந்தங்கள் சுவரோரமாக வரிசையாக நின்று காபியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சொல்லுங்க சம்பந்தி” என்றார் அவர். “திங்கக்கெழமைக் காரணத்தச் சனிக்கெழமையே கேக்கறன்.”

சொன்னேன். பெட்டி, தூசி, கணிப்பு, கருஞ்சிவப்பு. கேட்கக் கேட்க அவர் முகம் இன்னும் இறுகியது. ஊரில் யாரும் சொல்லாத புதுவகைச் சாக்கு என்று நினைத்திருப்பார்.

“நீங்க என்னை நம்ப வேண்டாம். எங்க மேடத்தையே கேளுங்க” என்று பவித்ரா மேடத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, கூடத்தின் நடுவில் காபித் தம்ளர்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். வழக்கில் என் தரப்பு நிபுணர் சாட்சி.

“மேடம், நாளைக்குக் காத்து எப்படி இருக்கும்னு இவங்ககிட்டச் சொல்லுங்க.”

“சார், நானே உங்களுக்குப் போடணும்னு இருந்தேன். இப்பத்தான் கணிப்பைத் திறந்து பாத்தேன். என்ன சார் இது, ஊரே பத்தி எரியற மாதிரி இருக்கு?”

நான் சம்பந்தியைப் பார்த்தேன், பார்த்தீர்களா என்று.

“தரவைச் சுத்தம் பண்ணீங்களா?”

“ஒண்ணு விடாமப் பண்ணேன் மேடம். ஆடறதையெல்லாம் தூக்கிட்டேன். நிலையா இருந்த 999 மட்டும் வெச்சேன்.”

போனில், தூரத்தில் காதுகுத்திய குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“சார்” என்றார் மேடம் மிக மெதுவாக. “999ங்கறது அளவே இல்ல. அளக்கற பாகத்துக்குக் கரண்ட் வரலைன்னா, ‘எனக்கு ஒண்ணும் தெரியல’ன்னு சொல்றதுக்குப் பெட்டி போடற எண்ணு அது. அனுப்பற பாகத்துக்கு மட்டும் பேட்டரி இருக்கு, அதனால அனுப்பிக்கிட்டே இருக்கும். பொறுக்கி எடுக்க வேண்டிய கல்லே அதுதான். மொத நாளே சொன்னேனே. நீங்க அப்ப எதுக்கோ சிரிச்சுக்கிட்டிருந்தீங்க.”

“அப்ப ஆடற எண்ணெல்லாம்?”

“காத்துன்னா ஆடும் சார். ஆடறதுதான் நெசம்.”

“அப்ப நாளைக்கு...”

“நல்லாத்தான் இருக்கும். மொதல்ல அந்தப் பெட்டிக்கு ஏன் கரண்ட் போகலைன்னு போய்ப் பாருங்க.”

போன் அணைந்தது. அப்போதுதான், தலைக்கு மேலே, மாடியிலிருந்து, அதே சத்தம் கேட்டது. கடகடவென்று, விடாமல்.

“மேல என்னா ஓடுது?” என்றார் சம்பந்தி.

யாரும் பதில் சொல்வதற்குள் அவரே எழுந்து படி ஏறினார். அவர் பின்னால் நான், என் பின்னால் செல்வி, சம்பந்தியம்மா, அஞ்செட்டி மொத்தமும்.

மாடிப்படி முடிகிற அந்தச் சின்ன அறையில், வாடகைக்கு எடுத்த பெரிய கிரைண்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னாலேயே ஓடிவந்த ராதா, பழக்க தோஷத்தில், பேசுவதற்கு முன்பு உளுந்தைத் தள்ளிவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள். கிரைண்டரின் வயர் அந்த ஒரே ப்ளக்கில் சொருகியிருந்தது. என் பெட்டியின் வயர் ஜன்னல் கம்பியில் அழகாகச் சுருட்டி மாட்டப்பட்டிருந்தது.

“ஏன் ராதா, இந்த வயரு?” என்றேன்.

“அதுங்களாண்ணா? இங்க ஒரு ப்ளக்குதான் இருக்குது. கீழ வெச்சா ஆளுங்க நடக்க எடமில்லை. இவங்கல்லாம் வந்ததுலருந்து தெனமும் ஆட்டறோம், உங்களதக் கழட்டிட்டுத்தான் மாட்டறன். ஞாபகம் வந்தா திரும்ப மாட்டிடுவேன். சும்மா தொங்குற பொட்டிதானேன்னு நெனச்சேன். எதாச்சும் கெட்டுப்போச்சுங்களா?”

செல்வி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதவில்லை, இது குடும்பங்கள் படிக்கிற கட்டுரை.

சம்பந்தி வயரைப் பார்த்தார். கிரைண்டரைப் பார்த்தார். என் கையில் இருந்த மாஸ்க் பெட்டியைப் பார்த்தார். “அப்ப என்ற பொண்டாட்டி வந்தா செத்துருவான்னு நீங்க பயந்தது இந்த மாவுக்குத்தானுங்களா?” என்றார்.

முதலில் சிரித்தது சம்பந்தியம்மாதான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கச் சிரிக்க மூச்சு இழுக்க ஆரம்பித்தது. செல்வி பதறிப்போய் முதுகைத் தடவ, அவர் இன்ஹேலரை எடுத்து உறிஞ்சிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி சிரித்தார். அந்த வாரம் முழுக்கத் தொரப்பள்ளிப் பக்கத்தில் மூச்சுத் திணறியவர் அவர் ஒருவர்தான். காரணம் நான்தான். அந்த அளவில் என் கணிப்பு பலித்தது என்று இன்றும் வாதாடுவேன்.

மூச்சு சரியானதும் அந்த அம்மா கிரைண்டர் பக்கம் போய், குழவியை ஒட்டி இரண்டு விரலால் மாவைத் தொட்டுப் பார்த்தார். “இன்னுங் கொஞ்சம் ஓடட்டும் கண்ணு” என்று ராதாவிடம் சொல்லிவிட்டு, செல்வியைப் பார்த்து, “உள்ள போன இட்லியக் கொண்டாரச் சொல்லுங்க சம்பந்தி, எனக்குப் பசிக்குது” என்றார்.

கீழே குமார் வாழைமரத்தைத் தூக்கி நிறுத்திக் கட்ட ஆரம்பித்தான். நிவேதாவுக்கு முதலில் யார் செய்தி சொன்னார்கள் என்று தெரியாது. செல்வி கூப்பிட்டபோது அவள் லைன் பிஸி. வேறு யாருடனோ ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் அதே மாடியில் நடந்தது. லேசான பனி, அப்புறம் நல்ல வெயில். சம்பந்தியம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை எழுந்திருக்கவில்லை. ராதா, தான் செய்த தவறுக்குப் பரிகாரமாக, என் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள். கல்யாணமும் முடிந்தது. அந்த மாஸ்க் பெட்டி இன்னும் தீரவில்லை, ஒட்டடை அடிக்கும் நாட்களில் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்கிறோம்.

நான் சொன்னதையே திரும்பச் சொன்னால் என் வீட்டில் இப்போது யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ‘999’ என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். சம்பந்தி மட்டும், கல்லாவியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு முறையும், மறக்காமல் எனக்குப் போன் செய்கிறார். அதிகம் பேசாத மனிதர், இதற்கு மட்டும் நேரம் எடுத்துக்கொள்வார்.

“சம்பந்தி, காத்து எப்படிங்க இருக்குது? வரலாமுங்களா?”

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை பவித்ரா மேடம் வந்து, அத்தனை எண்ணையும் திருப்பி எடுத்துவைத்துவிட்டு, குமார் வீட்டுப் பெட்டிக்கு நேரே எத்தனை நாள் அளவு விட்டுப்போனது, ஏன் விட்டுப்போனது என்று குறிப்பு எழுதச் சொன்னார். தரவு என்றால் அதில் ஓட்டைக்கும் காரணம் இருக்க வேண்டுமாம். நான் ‘பராமரிப்புப் பணி’ என்று எழுதினேன். மேடம் படித்துவிட்டு, “நடந்ததை எழுதுங்க சார்” என்றார். அழித்துவிட்டு எழுதினேன். அந்தக் குறிப்பு இன்றும் அங்கேதான் இருக்கிறது:

‘அளவீடு இல்லை. நிச்சயதார்த்தத்துக்கு மாவு ஆட்டினார்கள்.’